வியர்வையும் ஊசியும்

1911 ஜூன் 27. அண்டார்க்டிகாவில் நடுக்குளிர்காலம், சூரியன் தலைகாட்டாத மாதங்கள். கேப்டன் ஸ்காட்டின் முகாமிலிருந்து மூன்று பேர் இரண்டு சறுக்குவண்டிகளைத் தாங்களே இழுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். எட்வர்ட் வில்சன், ஹென்றி பவர்ஸ், ஆப்ஸ்லி செரி-கரார்ட். 100 கிலோமீட்டருக்கும் அப்பால், கேப் குரோசியரில், எம்பரர் பெங்குவின்கள் இருட்டிலேயே முட்டையிட்டு அடைகாக்கின்றன. அந்த முட்டைக்குள் வளரும் கருவை ஆராய்ந்தால், ஊர்வனவற்றிலிருந்து பறவைகள் எப்படி வந்தன என்று தெரிந்துவிடும் என அன்றைய விலங்கியலாளர்கள் சிலர் நம்பினார்கள். போய்த் திரும்ப ஐந்து வாரம் ஆனது. கொண்டுவந்து சேர்த்தது மூன்றே முட்டை.

வழியில் ஒரு நாள் காலை (அங்கே காலை என்பது கடிகாரத்தில் மட்டும்தான்) செரி-கரார்ட் கூடாரத்தை விட்டு வெளியே வந்தார். சுற்றுமுற்றும் பார்க்கத் தலையை நிமிர்த்தினார். அவ்வளவுதான். ஒரு 15 விநாடி ஆகியிருக்கும், உடை அப்படியே இறுகிவிட்டது. தலையைக் கீழே இறக்க முடியவில்லை. அடுத்த 4 மணி நேரம் நிமிர்ந்த தலையோடுதான் வண்டி இழுத்தார். அதற்குப் பிறகு மூவரும் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார்கள். வெளியே வந்ததும் முதுகை வளைத்து, வண்டி இழுக்கும் வாகில் நின்றுவிடுவது. உறைவதுதான் உறைகிறது, வேலைக்கு ஆகிற மாதிரி உறையட்டும்.

செரி-கரார்ட் 1922இல் எழுதிய 'உலகின் ஆக மோசமான பயணம்' என்ற புத்தகத்தில் இது வருகிறது. மன உறுதிக்கு எடுத்துக்காட்டாகப் பலரும் இதைச் சொல்லிவிட்டார்கள். முதல்முறை படித்தபோது எனக்குத் தோன்றியது வேறொரு கேள்வி. கொஞ்சம் அற்பமான கேள்விதான். இவங்க என்னதான் போட்டிருந்தாங்க?

குறைவாக ஒன்றும் போடவில்லை. உள்ளே அடுக்கடுக்காகக் கம்பளி. அதற்கு மேல் காற்றுப் புகாத கபர்டீன் துணியில் தைத்த மேலுடை. இன்று பேரங்காடிகளில் கைப்பையும் வாசனைத் திரவியமும் விற்கும் அதே பர்பரி நிறுவனத்தின் துணி. காலில் பனிமான் தோலால் ஆன காலணி, அதற்குள் காய்ந்த கோரைப்புல். படுக்கப் பனிமான் தோல் பை. அன்றைய லண்டனில் காசு கொடுத்து வாங்கக்கூடிய நல்ல சாமான்கள்தான் எல்லாம். அப்புறம் எங்கே தப்பு?

வியர்வையில்.

வியர்வையைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோலாலம்பூரில் பஸ் நிறுத்தம் வரை நடந்தாலே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் மின்விசிறிக்குக் கீழே போய் நின்றால் நமக்கு அது காய்ந்துவிடும். மைனஸ் 60 டிகிரி செல்சியஸில் எதுவும் காய்வதில்லை. பாரவண்டி இழுக்கிறவனுக்கு அந்தக் குளிரிலும் வியர்க்கத்தான் செய்யும். ஆவியாகக் கிளம்பும் வியர்வை கம்பளியைத் தாண்டி வந்து, குளிர்ந்த வெளித்துணியில் பட்டு உறைகிறது. நாளுக்கு நாள் உடைக்குள் பனிக்கட்டி சேர்கிறது. இரவில் தோல் பைக்குள் நுழைந்தால் உடம்புச் சூட்டில் அது இளகி நீராகிறது. விடிந்து வெளியே வந்தால் மறுபடியும் கட்டி. மூச்சுக் காற்றின் ஈரமும் பைக்குள்ளேயே உறைகிறது. பயணம் முடிந்தபோது செரி-கரார்டின் படுக்கைப் பை புறப்பட்ட நாளைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கனத்தது. கூடிய எடை முழுக்க அவர் உடம்பிலிருந்து போன தண்ணீர். அதையும் சேர்த்துத்தான் அவர் இழுத்துக்கொண்டிருந்தார்.

குளிரில் பல் கிட்டித்துக் கிட்டித்து, நரம்பு செத்து, பற்கள் பிளந்து உடைந்தன. முகாமுக்குத் திரும்பியபோது அவர்களுடைய உடைகளைக் கழற்ற முடியாமல் வெட்டித்தான் எடுத்தார்கள்.

இது பிரிட்டிஷ்காரர்களின் தனிக்குறை இல்லை. குளிர் தேசத்திலேயே பிறந்து, பனிச்சறுக்கிலேயே வளர்ந்த நார்வேக்காரர் ஃபிரிட்யோஃப் நான்சென்னும் இதே பள்ளத்தில் விழுந்திருக்கிறார். 1895 மார்ச்சில் அவரும் ஹியால்மர் யோஹான்சென்னும் 'ஃபிராம்' கப்பலை விட்டு இறங்கி, நாய்வண்டிகளோடு வடதுருவத்தை நோக்கிப் போனார்கள். ஓநாய்த்தோல் உடைகள் கைவசம் இருந்தன. போட்டால் வியர்க்கிறதே என்று கப்பலிலேயே வைத்துவிட்டுக் கம்பளியோடு கிளம்பினார்கள். கம்பளியிலும் வியர்த்தது. சில நாளில் உடை ஒரு பனிக்கவசமாக மாறியது. இறுகிய சட்டைக்கை நடக்க நடக்க உரசி, நான்சென்னின் மணிக்கட்டில் ஆழமான புண்ணை உண்டாக்கியது. எதிரி எவனும் இல்லாத இடத்தில், சொந்தச் சட்டையே கையை அறுத்தது.

ஆனால் அதே ஆர்க்டிக் குளிரில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதர்கள் குடும்பத்தோடு வாழ்ந்துகொண்டுதான் இருந்தார்கள். குழந்தை பெற்றார்கள், கிழவர்களாகும்வரை இருந்தார்கள். இனுவிட் மக்களிடம் இதற்கு விடை இருந்தது. அந்த விடையை ஐரோப்பா ஏன் இவ்வளவு காலம் கேட்கவில்லை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

கனடாவின் வடக்கே கிங் வில்லியம் தீவு என்று ஒன்று இருக்கிறது. 1845இல் 129 பேரோடு இரண்டு கப்பல்களில் வடமேற்குக் கடல்வழியைத் தேடிப்போன ஜான் ஃபிராங்க்ளினின் குழு இந்தத் தீவருகே பனியில் சிக்கியது. 1848 ஏப்ரலில், மிஞ்சிய 105 பேர் கப்பல்களைக் கைவிட்டுத் தெற்கே நடந்தார்கள். ஒருவர்கூட ஊர் திரும்பவில்லை. 1859இல் அங்கே தேடிப்போன லியோபோல்ட் மெக்லின்டாக், சறுக்குவண்டியில் ஏற்றிய ஒரு படகைக் கண்டார். அதில் இரண்டு எலும்புக்கூடுகள். கூடவே பட்டுக் கைக்குட்டை, சோப்பு, சீப்பு, செருப்பு, புத்தகங்கள். வேறொரு இடத்தில், பனிக்கு வெளியே தெரிந்த சரளை மேட்டில், குப்புற விழுந்த இன்னொரு எலும்புக்கூடு. நல்ல நீலத்துணிச் சட்டை. பக்கத்தில் ஒரு சீப்பும், உடையைத் துலக்கும் சிறு பிரஷ்ஷும் கிடந்தன. கப்பல் அதிகாரி ஒருவரின் பணியாளராக இருக்கலாம் என்று மெக்லின்டாக் கருதினார்.

அந்தப் பிரஷ்ஷை என்னால் மறக்க முடியவில்லை. சாகும் வரை அவர் தன்னைக் கப்பற்படை ஒழுங்கிலேயே வைத்திருக்கப் பார்த்திருக்கிறார்.

அதே காலத்தில் ஜான் ரே என்ற ஸ்காட்டிஷ் மருத்துவர், ஹட்சன் விரிகுடா நிறுவன ஊழியர், இனுவிட் மக்களைப் போல உடுத்திக்கொண்டு, பனிக்குடில் கட்டித் தங்கி, சிறு குழுவாக ஆயிரக்கணக்கான மைல்கள் திரிந்து வந்தார். ஃபிராங்க்ளின் ஆட்கள் பசியால் செத்த செய்தியையும், கடைசியில் செத்தவர்களின் சதையைத் தின்ற செய்தியையும் 1854இல் இனுவிட் மக்களிடம் கேட்டு வந்து சொன்னவரும் அவர்தான். லண்டன் கொதித்தது. சார்லஸ் டிக்கன்ஸ் தன் பத்திரிகையில், நாகரிகமற்றவர்களின் பேச்சை நம்பலாகாது என்ற பாங்கில் எழுதினார். நூற்றைம்பது ஆண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் கழித்து எலும்புகளை ஆராய்ந்தபோது, கத்தியால் அறுத்த தடங்கள் அவற்றில் இருந்தன. இனுவிட் சொன்னது உண்மை. ரேக்கு 'சர்' பட்டம் கடைசி வரை கிடைக்கவில்லை. அவர்கள் மாதிரி உடுத்துகிறவன், அவர்கள் சொன்னதை நம்புகிறவன், நம்மாள் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஃபிராங்க்ளின் ஆட்கள் மடிந்த அதே கிங் வில்லியம் தீவுக்கு 1903இல் இன்னொருவர் வந்தார். ரொவால்ட் அமுண்ட்சென். 'யோவா' என்ற சின்னக் கப்பல், மொத்தம் ஏழு பேர். இரண்டு குளிர்காலம் அங்கே தங்கி, நெட்சிலிக் இனுவிட் மக்களிடம் பாடம் கேட்டார். ஊசியும் கத்தியும் கொடுத்து அவர்களுடைய உடைகளை வாங்கினார். வாங்கியதை அவர்கள் போடுகிற முறையிலேயே போட்டுப் பார்த்தார்.

அந்த உடையின் சூட்சுமம் இதுதான். பனிமான் முடி ஒவ்வொன்றுக்குள்ளும் காற்றறைகள் உண்டு. உடை இரண்டு அடுக்கு. உள்ளுடையின் முடி உள்பக்கம், வெறும் உடம்பின் மேல் படும்படி. வெளியுடையின் முடி வெளிப்பக்கம். எதுவும் இறுக்கமாக இருக்காது, தொளதொள என்று தொங்கும். உடம்புக்கும் உடைக்கும் நடுவே காற்று உலவும். சூடு அதிகமானால் கழுத்தைத் தளர்த்தினால் போதும், ஈரக்காற்று மேலே போய்விடும். அப்படியும் உறைகிற ஈரம் வெளி முடியின் நுனியில் வெண்பனியாக நிற்கும். குடிலுக்குள் நுழையும்முன் அதைத் தட்டிவிட எலும்பிலோ மரத்திலோ செய்த ஒரு தட்டுக்குச்சி ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது. முகத்தைச் சுற்றி வருகிற தொப்பி விளிம்புக்கு வுல்வரின் என்ற விலங்கின் தோல், ஏனென்றால் மூச்சு உறைந்து படிந்தாலும் அந்த முடியிலிருந்து எளிதாக உதிர்ந்துவிடும்.

தட்டுக்குச்சியும் ஒரு பிரஷ்தான். ஒன்று உயிர் பிழைக்க, ஒன்று மதிப்பாகத் தெரிய.

உடையைவிடப் பெரிய பாடம் ஒன்றும் அதோடு வந்தது: வியர்க்காத அளவுக்கு வேலை செய். அவசரப்படாதே. 1911 டிசம்பர் 14 அன்று அமுண்ட்சென் தென்துருவத்தை அடைந்ததில் நாய்களுக்கும் பனிச்சறுக்குக்கும் எவ்வளவு பங்கு உண்டோ, அவ்வளவு பங்கு அந்த இரண்டு குளிர்காலப் பள்ளிக்கும் உண்டு.

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. ஸ்காட் முட்டாள், அமுண்ட்சென் ஞானி என்று கதையைச் சுருக்குவது சுலபம். அது நியாயம் இல்லை. நாய் இழுக்க, பக்கத்தில் சறுக்கிப்போகிறவனுக்குத் தோலுடை சரி. 100 கிலோவை மார்பில் வாரைக் கட்டி இழுக்கிறவன் அதைப் போட்டால் தன் வியர்வையிலேயே முழுகுவான். ஆட்கள் இழுப்பது என்று முடிவாகிவிட்டால் கம்பளியும் கபர்டீனும் ஒரு வகையில் பொருத்தமான தேர்வுதான். அமுண்ட்சென்னும் எப்போதும் தோலுடையில் இருந்தவர் அல்லர். 1911 செப்டம்பரில் பொறுமை இழந்து முன்கூட்டியே கிளம்பி, மைனஸ் 56 டிகிரியில் மாட்டிக்கொண்டு, ஆட்களின் குதிகால்கள் உறைந்துபோய்த் திரும்பி ஓடிவந்தவர்தான் அவரும். எந்தத் தோலும் அவசரக்காரனைக் காப்பாற்றாது. கோளாறு துணியில் இல்லை, அதற்கு முந்தைய முடிவில் இருந்தது. மனிதனே வண்டி இழுப்பதுதான் கௌரவம் என்று பிரிட்டிஷ் கப்பற்படைக்குள் வேரூன்றியிருந்த எண்ணம். கஷ்டம் என்பது தவறிப்போய் நேர்வது என்ற நிலை மாறி, தகுதிச் சான்றிதழாகவே ஆகிவிட்டிருந்தது.

சரி, இந்தத் தோலுடைகளைத் தைத்தது யார்?

அமுண்ட்சென் பெயர் தெரியும். அவர் போட்டிருந்த உடையைத் தைத்த நெட்சிலிக் பெண்ணின் பெயரைத் துருவ வரலாற்றில் தேடினால் கிடைப்பது அரிது. வேலையின் அளவைப் பார்த்தால் இந்த மௌனம் விசித்திரமானது. இலையுதிர்காலத்தில் வேட்டையாடிய மானின் தோல்தான் உடைக்கு உகந்தது. முடி அப்போதுதான் தேவையான அடர்த்தியில் இருக்கும். கொழுப்பைச் சுரண்டி, உலர்த்தி, மென்மையாக்கி, அளவு நாடா இல்லாமல் கண்ணளவில் வெட்டி, மானின் தசைநாரை இழையாக்கித் தைக்க வேண்டும். கால்பூட்ஸுக்கு ஊசி தோலை முழுக்கத் துளைக்காமல் பாதியில் திரும்பும் ஒரு தையல் உண்டு. நார் நனைந்து ஊதினால் துளை அடைத்துக்கொள்ளும், தண்ணீர் புகாது. பல குழுக்களில் இந்தத் தையல் முழுவதும் கடற்பனிக்கு வேட்டைக்குப் போகும் முன்பே முடிந்துவிட வேண்டும் என்பது மீறக்கூடாத விதி.

பூட்ஸின் கெட்டித்தோலை இளக்க அதைப் பல்லால் மெல்ல வேண்டும். வாழ்நாள் முழுக்க மென்ற கிழவிகளின் பற்கள் ஈறு வரை தேய்ந்திருக்கும். செரி-கரார்டின் உடைந்த பற்கள் புத்தகத்தில் இடம்பெற்றன. இந்தப் பற்களைப் பற்றி யாரும் கதை எழுதவில்லை.

உடை ஒருமுறை வாங்கிப் போட்டால் தீர்ந்துவிடும் பொருளும் இல்லை. தினமும் கிழியும், ஈரமாகும், உலர்த்தித் தைக்க வேண்டும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் உடையோடு தையல்காரிகளையும் கூட்டிப்போனார்கள். ராபர்ட் பியரி 1908இல் வடதுருவத்துக்குக் கிளம்பியபோது கப்பலில் இனுவிட் குடும்பங்களே ஏறின. 17 பெண்கள் அதில் இருந்தார்கள். கப்பல் பனியில் நின்ற குளிர்காலம் முழுக்க அவர்கள் தைத்தார்கள். 1914இல் 'கார்லக்' கப்பல் பனியில் நசுங்கி மூழ்கியபோது, ராங்கல் தீவில் ஒதுங்கியவர்களுக்குத் தைத்துக் கொடுத்தவர் கிருக் என்ற இனுபியாக் பெண். இரண்டு மகள்களும் கூடவே இருந்தார்கள். அந்த இளைய மகள் 2008 வரை வாழ்ந்தார்.

அதே ராங்கல் தீவுக்கு ஏழு ஆண்டு கழித்து இன்னொரு தையல்காரி போனார். அவர் பெயரை மட்டும் வரலாறு தவறவிடவில்லை. காரணம், தைக்கச் சொன்னவர்கள் எல்லாரும் போன பிறகும் அவர் உயிரோடு இருந்தார்.

ஏடா பிளாக்ஜாக். அலாஸ்காவில் பிறந்த இனுபியாக் பெண். 23 வயது. கணவன் கைவிட்டுவிட்டான். பெற்ற மூன்று பிள்ளைகளில் இரண்டு இறந்துவிட்டன. மிஞ்சிய மகன் பென்னட்டுக்குக் காசநோய். வைத்தியத்துக்கு வழியில்லாமல் அவனை ஓர் இல்லத்தில் விட்டிருந்தார். சைபீரியாவுக்கு வடக்கே உள்ள அந்தத் தீவில் பிரிட்டிஷ் கொடியை நட்டு உரிமை கோர, வில்ஹ்யால்முர் ஸ்டெஃபான்சன் நான்கு இளைஞர்களை அனுப்பினார். அவர் போகவில்லை. ஆர்க்டிக் நட்பான இடம், தெரிந்தவனுக்கு உணவு தானாகக் கிடைக்கும் என்பது அவருடைய பிரச்சாரம். ஆறு மாதத்துக்கான உணவே ஏற்றினார்கள். தோலுடை தைக்க ஆள் வேண்டும். மாதம் 50 டாலர் சம்பளம். உடன்வருவதாகச் சொன்ன மற்ற குடும்பங்கள் கடைசி நேரத்தில் பின்வாங்க, 1921 செப்டம்பரில் ஏடா தனியாகக் கப்பல் ஏறினார்.

பழங்குடிப் பெண் என்றதும் வேட்டையும் பனியும் அவருக்கு ரத்தத்தில் ஊறியது என்று நினைத்துவிடுவோம். ஏடா மிஷனரிகளிடம் வளர்ந்தவர். கற்றது சமையல், தையல், பைபிள் படிப்பு. துப்பாக்கி பிடிக்கத் தெரியாது. வெள்ளைக்கரடி என்றால் உயிர் போகும் பயம். அந்தத் தீவில் ஆரம்பத்தில் அவர் மிரண்டுபோய் வேலை செய்ய மறுத்தபோது, அந்த இளைஞர்கள் அவரைக் கொடிக்கம்பத்தில் கட்டிவைத்தும் பார்த்தார்கள்.

1922 கோடையில் வரவேண்டிய உதவிக் கப்பலைப் பனி தடுத்தது. 1923 ஜனவரியில் மூன்று பேர் உதவி தேடிக் கடற்பனியின் மேல் சைபீரியாவை நோக்கி நடந்தார்கள். அவர்களை அப்புறம் யாரும் பார்க்கவில்லை. நான்காமவர் லார்ன் நைட் ஸ்கர்வி நோயில் படுத்துவிட்டார். கிட்டத்தட்ட ஐந்து மாதம் ஏடாதான் விறகு பொறுக்கி, பொறி வைத்து நரி பிடித்து, அவர் திட்டையும் கேட்டுக்கொண்டு பராமரித்தார். ஜூனில் நைட் இறந்தார். அதன்பின் தீவில் ஏடாவும், விக் என்ற பூனையும்தான். சுடக் கற்றுக்கொண்டார். கரடி வருகிறதா என்று பார்க்கக் கூடாரத்துக்கு மேல் ஒரு பரண் கட்டினார். நாட்குறிப்பு எழுதினார். ஆகஸ்டில் கப்பல் வந்தபோது, அவர் உடை நல்ல நிலையில் இருந்தது. அவர் தைத்தது.

பத்திரிகைகள் அவரைப் பெண் ராபின்சன் குரூசோ என்றன. அவர் கதையை எழுதியும் பேசியும் மற்றவர்கள் காசு பார்த்தார்கள். ஏடாவுக்குக் கிடைத்தது பேசிய சம்பளத்துக்கும் குறைவு. அதில் மகனைச் சியாட்டிலுக்கு வைத்தியத்துக்குக் கூட்டிப்போனார்.

வில்சனும் பவர்ஸும் 1912 மார்ச்சில் ஸ்காட்டோடு கூடாரத்துக்குள் இறந்துகிடந்தார்கள். நவம்பரில் அவர்களைக் கண்டெடுத்த குழுவில் செரி-கரார்டும் இருந்தார். அடுத்த ஆண்டு அவர் மூன்று முட்டைகளையும் லண்டன் அருங்காட்சியகத்தில் ஒப்படைக்கப் போனார். வேண்டாவிருந்தாளியைப் போல நடைபாதையில் காக்கவைத்தார்கள். பின்னாளில் அந்தக் கருக்களை ஆராய்ந்த அறிக்கையும் பெரிதாக எதையும் நிறுவவில்லை. உறைந்த கழுத்தோடு இழுத்துவந்த முட்டைகள். அவருடைய வலியை நான் சிறுமைப்படுத்தவில்லை. அந்தப் புத்தகத்தைப் படித்த யாராலும் அது முடியாது.

ஆனால் துருவ வரலாறு என்று நாம் படிப்பது பெரும்பாலும் குளிரில் தவறாக உடுத்தியவர்கள் எழுதியது. சரியாக உடுத்தியவர்களுக்கு எழுத ஒன்றும் நேரவில்லை. பனி தட்டினார்கள், உடையைக் கழற்றினார்கள், கிழிந்திருந்தால் வீட்டில் ஒருத்தி விளக்கடியில் உட்கார்ந்து தைத்தாள், தூங்கினார்கள். கதையாகத் தேறாத அந்தச் சாதாரண இரவைத் தான், ஃபிராங்க்ளின் ஆட்கள் 129 பேராலும் அடைய முடியவில்லை.

ஏடா பிளாக்ஜாக் 1983இல், 85 வயதில் அலாஸ்காவில் காலமானார். பென்னட் 1972 வரை இருந்தான்.